ஆபரேஷன் முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு அந்தம்மாவ யார் கேட்டீங்க? சிறுநீர் கசிவுக்கு அறுவை சிகிச்சை பண்ற டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுல பெண்களோட சிறுநீர் கசிவுக்கு ஆபரேஷன் பண்ற மகப்பேறு டாக்டர்கள், யூராலஜி டாக்டர்கள், அவங்க சங்கங்கள்ல பொறுப்புல இருக்கறவங்க, மெடிக்கல் காலேஜ்ல டிபார்ட்மெண்ட் தலைமைல இருக்கறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். இடுப்புத்தள தசைப் பயிற்சி சொல்லித் தர்றதுதான் என் வேலைல பெரும்பகுதி. இருமினா, தும்மினா, சத்தமா சிரிச்சா, தண்ணிக் குடத்த தூக்கினா ஒண்ணுக்கு கசியுதுன்னு வர்ற பெண்கள தினமும் பாக்கறேன். அதுல ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க அனுப்பி வர்றவங்க கொஞ்சம் பேர்தான், ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வருஷம் எட்டு வருஷம் கழிச்சு யாரோ சொல்லி தானா தேடி வர்றவங்க நிறைய பேர். இந்த ரெண்டாவது கூட்டத்த பத்திதான் இந்த மடல், ஏன்னா நீங்க இவங்கள பாக்கறதே இல்ல, பாக்காததால இவங்க இருக்காங்கன்னே உங்களுக்கு தெரியறதில்ல, அதனால புதுசா வர்ற அடுத்த அம்மாகிட்ட நீங்க சொல்ற சக்சஸ் கணக்குல இவங்க இல்லாமலே போயிடறாங்க.

எப்படின்னு சொல்றேன். ஆபரேஷன் ஆன ஒரு வாரத்துல தையல் பாக்க வர்றாங்க, ஆறு வாரத்துல இன்னொரு தடவை வர்றாங்க, நீங்க இருமச் சொல்றீங்க, சொட்டு வரல, "நல்லாருக்கும்மா, இனிமே ஏதாவது பிரச்சினைன்னா மட்டும் வாங்க"ன்னு சொல்லி அனுப்பறீங்க. அதோட கதை முடிஞ்சுது. நாலு வருஷம் கழிச்சு மறுபடி லேசா கசிய ஆரம்பிக்கும்போது அவங்க உங்ககிட்ட வர மாட்டாங்க டாக்டர். மகன் லோன் போட்டு கட்டின பில், அந்த காசு வீணாப்போச்சுன்னு எப்படி வீட்ல சொல்றதுன்னு ஒருத்தங்க நினைக்கறாங்க. வயசானா அப்படித்தான்னு ஒருத்தங்க தானே சமாதானம் சொல்லிக்கறாங்க. ஆபரேஷன் பண்ண டாக்டர் வேற ஊருக்கு மாறிட்டாங்க, புது டாக்டர்கிட்ட முதல்ல இருந்து இந்த வெக்கங்கெட்ட விஷயத்த யார் சொல்றதுன்னு இன்னொருத்தங்க (அவங்க சொல்ற வார்த்தை அது, நான் சொல்றதில்ல). சில பேருக்கு உங்க மேல இருக்கற மரியாதையே தடையா நிக்குது, அந்த டாக்டரம்மா அவ்ளோ நல்லா பாத்துக்கிட்டாங்க, அவங்ககிட்ட போய் சரியாகலன்னு எப்படிங்க சொல்றதுன்னு என்கிட்ட கேக்கறாங்க. பழைய புடவைய கிழிச்சு நாலா மடிச்சு வெச்சுக்கறாங்க, கல்யாண வீட்டுக்கு கிளம்பறதுக்கு முந்தின ராத்திரில இருந்தே தண்ணி குடிக்கறத நிறுத்திடறாங்க, அவ்ளோதான். திரும்பி வராதவங்க எல்லாம் குணமானவங்கன்னு உங்க ரிஜிஸ்டர் சொல்லுது, திரும்பி வராததுக்கு வேற ஆயிரம் காரணம் இருக்குன்னு என் ஓ.பி. சொல்லுது.

நான் ஆபரேஷனுக்கு எதிரி கிடையாது, இத தெளிவா சொல்லிடறேன், ஏன்னா வாட்ஸ்அப்ல வர்ற பயமுறுத்தல் எல்லாம் பாத்துட்டு நல்லா பலன் கிடைக்க வேண்டியவங்களே ஒதுங்கிப் போறதையும் நான் பாக்கறேன். 1990கள்ல ஸ்வீடன்ல உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியாவுல பீட்டர் பெட்ரோஸும் சேர்ந்து கொண்டு வந்த அந்த டி.வி.டி. ஆபரேஷன், ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு பாலிப்ரொப்பிலீன் டேப்ப சிறுநீர்க்குழாய்க்கு அடில ஊஞ்சல் மாதிரி வெக்கறது, அரைமணி நேர வேலை, அது எத்தனையோ பேரோட வாழ்க்கைய மீட்டுக் கொடுத்திருக்கு. அதுக்கு முன்னாடி 1961ல இருந்து பர்ச் முறை (சிறுநீர்ப்பையோட கழுத்துப் பக்கத்த தையல் போட்டு மேல தூக்கி நிறுத்தறது) இருந்துச்சு, வயித்துல இருந்து நம்ம சொந்த தசையுறைய எடுத்து வெக்கற ஸ்லிங் இருந்துச்சு, ரெண்டுமே பெரிய வெட்டு, நாள் கணக்குல பெட்ல இருக்கணும். என்கிட்ட முட்டி வலிக்கு வர்ற ஒரு அம்மா பதினோரு வருஷத்துக்கு முன்னாடி டேப் வெச்சவங்க, பழனி படியேறி இறங்கறேன், ஒரு சொட்டு கிடையாதுன்னு முகம் மலர சொல்றாங்க. அவங்களோட பதிலும் உங்ககிட்ட வந்து சேரலங்கறதுதான் எனக்கு வருத்தம். நல்லா இருக்கறவங்களையும் யாரும் கேக்கல.

வெளிநாட்டுல கேட்டிருக்காங்க. வடக்கு ஐரோப்பால மூணு சென்டர்ல முதன்முதலா டி.வி.டி. பண்ணிக்கிட்ட 90 பெண்கள ஃபின்லாந்து டாக்டர் கார்ல் குஸ்டாஃப் நில்சனும் அவரோட குழுவும் விடாம பின்தொடர்ந்தாங்க, அஞ்சு வருஷம், ஏழு வருஷம், பதினோரு வருஷம்னு போயி 2013ல 17 வருஷக் கணக்கு வெளியிட்டாங்க. அப்பவும் கண்டுபிடிச்சு பேச முடிஞ்சவங்கள்ல 87 சதவீதம் பேர் குணமாயிட்டேன் இல்லன்னா நல்லா தேறிட்டேன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க. நேர்ல வர முடியாதவங்கள போன்ல கேட்டிருக்காங்க. கான்ஃபரன்ஸ்ல எல்லாம் இந்த 87 சதவீதம் ஸ்லைடுல வருது, எனக்கு அந்த எண்ண விட பெரிசா தெரியறது 17 வருஷம் கழிச்சும் அந்த பெண்களோட வீட்டு நம்பர தேடி கூப்பிட்டாங்க பாருங்க, அதுதான். அந்த எண்ணிக்கைய நம்ம ஊர் நோயாளிகிட்ட சொல்றீங்க, அந்த போன் காலை மட்டும் இங்க கொண்டு வரல. அதுலயும் அங்க பண்ணது அந்த முறைய உருவாக்கின காலத்துலயே கத்துக்கிட்ட கைகள், எடுத்துக்கிட்டது முதல்தடவையா ஆபரேஷனுக்கு வந்த பெண்கள். நம்ம ஊர்ல வர்றவங்க கதை வேற, சுகர் இருக்கு, ரெண்டு சிசேரியன் ஆகியிருக்கு, கர்ப்பப்பை எடுத்திருக்கு, மூச்சிரைப்பு இருமல் வருஷக்கணக்கா இருக்கு, தினமும் விறகோ சிமெண்ட் சட்டியோ தூக்கற வேலை. இவங்களுக்கு பத்து வருஷத்துல என்ன ஆகுதுன்னு ஃபின்லாந்து சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கு, இது அமெரிக்கால நடந்தது, எனக்கு ரொம்ப முக்கியமா படறது. 597 பெண்கள், பாதி பேருக்கு அடிவயித்து முன்னெலும்புக்கு பின்பக்கமா மேல போற டேப், பாதி பேருக்கு தொடை இடுக்கு வழியா போற டேப், நீங்க டி.ஓ.டி.ன்னு எழுதறது. ஒரு வருஷத்துல இருமல் டெஸ்ட், பேட் எடை டெஸ்ட் எல்லாம் வெச்சுப் பாத்தா முதல் பிரிவுல 80.8 சதவீதம், ரெண்டாவதுல 77.7 சதவீதம் வெற்றி. அதே ஒரு வருஷத்துல அதே பெண்கள வாய்விட்டு கேட்டு எடுத்த கணக்குல 62.2, 55.8. கவனிங்க டாக்டர், ஆபரேஷனும் ஒண்ணு, ஆளும் ஒண்ணு, வருஷமும் ஒண்ணு, டெஸ்ட் சொல்றதுக்கும் அந்த அம்மா சொல்றதுக்கும் நடுவுல இருபது சதவீதம் இடைவெளி. அஞ்சாவது வருஷம் கேக்கும்போது திரும்ப சிகிச்சையும் எடுக்கல, கசிவும் இல்லன்னு சொன்னவங்க 51.3, 43.4தான். ஆறாவது வாரத்துல நீங்க இருமச் சொல்லி பாத்ததுக்கும் அஞ்சாவது வருஷம் அவங்க வீட்ல நடக்கறதுக்கும் இவ்ளோ தூரம்.

ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அத மறைச்சா நான் நேர்மையா எழுதறேன்னு சொல்லிக்க முடியாது. அதே அஞ்சாவது வருஷத்துல திருப்தியா இருக்கீங்களான்னு கேட்டதுக்கு 79லயிருந்து 85 சதவீதம் பேர் ஆமான்னாங்க. பர்ச் முறையையும் சொந்த தசையுறை ஸ்லிங்கையும் ஒப்பிட்ட இன்னொரு பெரிய ஆய்வுல அஞ்சு வருஷத்துல கசிவே இல்லன்னு இருந்தவங்க ஸ்லிங்ல 30.8 சதவீதம், பர்ச்சுல 24.1 சதவீதம், ஆனா திருப்தின்னு சொன்னவங்க 83ம் 73ம். முதல் தடவை இத படிக்கறவங்க ஏதோ அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க. என் வேலைல இருக்கறவங்களுக்கு இது தினமும் பாக்கறதுதான், ஒரு அம்மாவுக்கு தும்மும்போது இப்பவும் ரெண்டு சொட்டு வரும், ஆனா முன்ன மாதிரி பாவாடையே நனைஞ்சு பஸ் சீட்ல இருந்து எழுந்திரிக்க பயந்துக்கிட்டு கடைசி ஸ்டாப் வரைக்கும் உக்காந்திருந்த நிலைமை இல்ல, அவங்களுக்கு அதுவே பெரிய விடுதலை. இன்னொருத்தங்களுக்கு கசிவு சுத்தமா நின்னுடுச்சு, ஆனா புதுசா அவசரம் வந்துடுச்சு, வாசல்ல பூட்ட திறக்கறதுக்குள்ள முடியல, ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கறாங்க, டெஸ்ட்ல இவங்க வெற்றி, வீட்ல இவங்க அழறாங்க. கசிவ மட்டும் அளந்தா ரெண்டு பேரையும் தப்பா அளந்த மாதிரிதான்.

வலி விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், இதுதான் என் கைக்கு கீழ நான் நேரா உணர்றது. ஒரு அம்மா இடுப்பு வலின்னு வந்தாங்க, ரெண்டு மூணு வருஷமா டிஸ்க்குன்னு சொல்லி பெல்ட் போட்டிருக்காங்க, நரம்பு மாத்திரை, இழுவை சிகிச்சை எல்லாம் ஆச்சு. ஸ்டூல்ல உக்காரும்போது ஒரு பக்கமா சாஞ்சு மெதுவா உக்காந்தாங்க. பஸ் படில எந்த கால முதல்ல வெப்பீங்கன்னு கேட்டேன், வலது கால தூக்கவே முடியாதுங்க, உள்தொடைல சுருக்குன்னு இழுக்கும்னாங்க. படுக்க வெச்சு கால அகட்டிப் பாத்தா அந்த உள்தொடை தசை ஆரம்பிக்கற இடத்துல விரல் வெச்சதும் துடிச்சுப் போயிட்டாங்க, முதுகுல எங்க அழுத்தினாலும் ஒண்ணும் இல்ல. கீழ ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்காம்மான்னு கேட்டதுக்கு கர்ப்பப்பை எடுத்ததோட ஏதோ யூரினுக்கும் பண்ணாங்கன்னு மட்டும்தான் தெரியுது. ஜவுளிக்கடை பைல இருந்து மடிச்ச டிஸ்சார்ஜ் சம்மரி ஒண்ணு எடுத்தாங்க, மடிப்புல மை அழிஞ்சிருந்துச்சு, அதுல கர்ப்பப்பை பத்தி ஆறு வரி, கடைசில 'டி.ஓ.டி. செய்யப்பட்டது' அப்படிங்கற ஒரே வரி. என்ன டேப், எந்த கம்பெனி, லாட் நம்பர் என்ன, எதுவும் கிடையாது. உடம்புக்குள்ள ஒரு பிளாஸ்டிக் வலை இருக்குன்னே அவங்களுக்கு அன்னிக்குதான் தெரியும். கட்டிலோரத்துல உக்காந்துக்கிட்டு, இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் டிஸ்க்குன்னு நினைச்சிருக்க மாட்டேனேன்னு சொன்னாங்க.

அவங்களுக்கு வலி டேப்பால மட்டும்தான்னு நான் சொல்ல வரல, அத உறுதி பண்றது உங்க வேலை. ஆனா முன்னாடி சொன்ன அந்த அமெரிக்க ஆய்வுலயே தொடை வழியா வெச்சவங்களுக்கு மரத்துப்போறது, கால் பலவீனம் மாதிரி நரம்பு அறிகுறி 9.4 சதவீதம், மேல வழியா வெச்சவங்களுக்கு 4 சதவீதம். பதிலுக்கு மேல வழியா வெச்சவங்கள்ல 2.7 சதவீதம் பேருக்கு சிறுநீர் அடைச்சுக்கிட்டு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, தொடை வழில அப்படி யாருக்கும் இல்ல. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை இருக்கு, எந்த விலைய கொடுக்கறதுன்னு முடிவு பண்ண வேண்டியது அந்த உடம்புக்கு சொந்தக்காரங்க. அந்த பேச்சு கன்சென்ட் ஃபார்ம்ல கைநாட்டு வாங்கற அஞ்சு நிமிஷத்துல நடக்காது, அதுவும் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி வார்டுல டியூட்டி டாக்டர் வந்து வாங்கும்போது சுத்தமா நடக்காது.

தாம்பத்யம் பத்தி யாருமே கேக்கறதில்ல. அம்பது வயசு அம்மாகிட்ட அத எப்படி கேக்கறதுன்னு உங்களுக்கும் கூச்சம், கேட்டா எப்படி சொல்றதுன்னு அவங்களுக்கும் கூச்சம், நடுவுல உண்மை மாட்டிக்கிட்டு கிடக்கு. பிரிட்டன்ல கிட்டத்தட்ட 600 பெண்கள வெச்சு மினி ஸ்லிங்கையும் (நீளம் குறைஞ்ச டேப்) வழக்கமான ஸ்லிங்கையும் (முழு நீள டேப்) ஒப்பிட்டு 2022ல வந்த ஆய்வுல கசிவு விஷயத்துல மினி ஸ்லிங் சளைச்சது இல்லன்னு தெரிஞ்சுது, மூணு வருஷத்துல 72 சதவீதத்துக்கு 66.8. இதோட நிறுத்தியிருந்தா மினிதான் நல்லதுன்னு எல்லாரும் கிளம்பியிருப்பாங்க. ஆனா அவங்க உடலுறவு வலியையும் கேட்டாங்க, மினி ஸ்லிங்ல 11.7 சதவீதம், வழக்கமானதுல 4.8. இந்த வித்தியாசம் எந்த ஸ்கேன்லயும் வராது, இருமல் டெஸ்ட்லயும் வராது, கேட்டாதான் வரும். என்கிட்ட வர்ற சில பெண்கள் அந்த வலியால புருஷனோட சண்டை வந்து, அவர் தப்பா புரிஞ்சுக்கிட்டு, தனித்தனி ரூம்னு ஆகி வருஷங்கள் ஓடினதுக்கு அப்புறம்தான் வாய திறக்கறாங்க. டேப்போட ஓரம் வெளிய தெரிஞ்சா குத்தறது புருஷனுக்குதான் முதல்ல தெரியும், அவரும் யார்கிட்ட போய் சொல்லுவார்?

கேக்காம விட்டா என்ன ஆகும்னு பிரிட்டன பாத்தாலே போதும். அங்க 2018 ஜூலைல கசிவுக்கு மெஷ், அதாவது இந்த பிளாஸ்டிக் வலை டேப், வெக்கறத நிறுத்தி வெச்சாங்க, ஸ்காட்லாந்துல 2014லயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. கேத் சான்சம் மாதிரி பாதிக்கப்பட்ட பெண்களே ஒண்ணா சேர்ந்து கத்தி கத்திதான் அது நடந்துச்சு. பாரனஸ் கம்பர்லெஜ் தலைமைல நடந்த விசாரணை 2020 ஜூலைல அறிக்கை கொடுத்தப்ப ஒரு கசப்பான உண்மை வெளிய வந்துச்சு, எத்தனை பேருக்கு மெஷ் வெச்சாங்க, எத்தனை பேர் கஷ்டப்படறாங்கன்னு சரியான கணக்கு அரசாங்கத்துகிட்ட இல்ல, வலிக்குதுன்னு சொன்ன பெண்கள்கிட்ட இது உன் மனப்பிரம்மை, மெனோபாஸ், அப்படின்னு வருஷக்கணக்கா சொல்லி அனுப்பியிருக்காங்க. இங்கிலாந்து ஆஸ்பத்திரி பதிவுகள்ல இருந்து 95,057 பெண்கள எடுத்து பாத்த ஆய்வுல ஒன்பது வருஷத்துல டேப்ப முழுசாவோ பாதியாவோ எடுக்க வேண்டி வந்தது 3.3 சதவீதம். சின்ன எண்ணாத்தான் தெரியும், ஆனா அது ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் திரும்பப் போனவங்களோட எண், வலியோட வீட்லயே இருந்துட்டவங்க அதுல வர மாட்டாங்க. ஒரு லட்சம் பேர்ல 3.3 சதவீதம்னாலும் மூவாயிரத்துக்கு மேல குடும்பம்.

ஒரு குழப்பத்தையும் இங்கயே தீர்த்துடலாம், உங்ககிட்ட வர்றவங்களும் யூடியூப் பாத்துட்டு இத கேப்பாங்க. அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகள கண்காணிக்கற எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரல்ல விற்பனைய நிறுத்தினது அடியிறக்கத்துக்கு யோனி வழியா வெக்கற பெரிய மெஷ்ஷ. கசிவுக்கான டேப்ப அவங்க தடை பண்ணல. ரெண்டையும் ஒண்ணா போட்டு அடிக்கறதும் தப்பு, அது வேற இது வேறன்னு சொல்லிட்டு இதப்பத்தி எதுவுமே கேக்காம இருக்கறதும் தப்பு.

சரி, இங்க என்ன பண்ண முடியும்? நம்ம மாநிலத்துல கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே பிக்மி நம்பர் கொடுத்துடறோம், கிராமத்து நர்ஸ் வீட்டுக்கே வந்து கேக்கறாங்க, எந்த மாசம் எந்த ஊசி போட்டாங்கன்னு நம்பர தட்டினா வந்துடுது. சென்னைல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980கள்ல இருந்தே ஊர் முழுக்க கேன்சர் பதிவேடு நடத்திட்டு வருது. முட்டி மாத்தற டாக்டர்கள் இந்தியா அளவுல சங்கம் மூலமா பதிவேடு வெச்சிருக்காங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல ஆரம்பிச்சதுல இருந்து பிரஷர் மாத்திரையோட பிசியோதெரபியும் வீட்டுக்கே போகுது. இவ்ளோ செஞ்சு காட்டின ஊர்ல, ஒரு பெண்ணோட உடம்புல ஆயுசுக்கும் இருக்கப்போற ஒரு பொருள வெச்சுட்டு அதுக்கு ஒரு நம்பர் கொடுக்க முடியாதுன்னா நான் நம்ப மாட்டேன்.

முதல் வேலை, டேப் பாக்கெட்ல ஒட்டி வர்ற ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டோட நின்னுடக்கூடாது, இன்னொண்ண டிஸ்சார்ஜ் சம்மரில ஒட்டி, தமிழ்ல ரெண்டு வரி எழுதி கையில கொடுங்க: உங்களுக்கு இந்த தேதில இந்த இடத்துல இந்த டேப் வெச்சிருக்கு, இந்த மாதிரி வலி, ரத்தக்கசிவு, அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன், புருஷனுக்கு குத்தறது ஏதாவது இருந்தா எத்தனை வருஷம் ஆனாலும் இத காட்டுங்க. பெரிய திட்டம் ஒண்ணும் தேவையில்ல, ஒரு கோந்து பாட்டில் போதும். கூடவே போன் நம்பர் ரெண்டு வாங்கி வெச்சுக்கோங்க, அவங்களோடது ஒண்ணு, மகளோடதோ தங்கச்சியோடதோ ஒண்ணு, மகனோடது வேண்டாம், மகன் பக்கத்துல இருந்தா இந்த கேள்விக்கு பதில் வராது.

அப்புறம் ஒரு வருஷம், அஞ்சு வருஷம், பத்து வருஷம் ஆகும்போது ஒரு போன். ஆபரேஷன் பண்ணவங்களே கூப்பிடக்கூடாது, நீங்க கேட்டா எல்லாமே நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. நர்ஸோ, பிசியோதெரபிஸ்டோ, பெண் ஒருத்தங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல, வீட்டு வேலை முடிஞ்சு தனியா இருக்கற நேரத்துல. ஆபரேஷனுக்கு முன்ன இருந்ததுக்கு இப்ப எப்படி இருக்கு, ரொம்ப நல்லாருக்குங்கறதுல ஆரம்பிச்சு ரொம்ப மோசங்கறது வரைக்கும் ஏழு பதில், இது உலகம் முழுக்க ஆய்வுல கேக்கற கேள்விதான், ஒரு நிமிஷம் ஆகும். அதுக்கப்புறம் கசியுதா, அவசரமா வருதா, முக்கி போக வேண்டியிருக்கா, தொடையிலயோ கீழயோ வலி இருக்கா, சேரும்போது வலிக்குதா, இதுக்காக வேற எங்கயாவது வைத்தியம் பாத்தீங்களா. கடைசியா, இதே நிலைமைல இருக்கற உங்க அக்கா தங்கச்சிக்கு இந்த ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லுவீங்களா. இந்த கடைசி கேள்விக்கு வர்ற பதில்ல எல்லாமே இருக்கும்.

ஆள் இல்ல, நேரம் இல்ல, ஓ.பி.ல இருநூறு பேர் நிக்கறாங்கன்னு சொல்லுவீங்க. உண்மைதான், நான் உங்க ஓ.பி.ய பாத்திருக்கேன், மதியம் சாப்பிடாம ராத்திரி வரைக்கும் பாக்கற டாக்டர்கள தெரியும். ஆனா வருஷா வருஷம் பி.ஜி. மாணவர்கள் தீசிஸ் தலைப்பு தேடி அலையறாங்க, ஆறு மாச ஃபாலோ-அப்போட முடியற தீசிஸ்களுக்கு பதிலா பழைய தியேட்டர் ரிஜிஸ்டர எடுத்து எட்டு வருஷத்துக்கு முன்னாடி டேப் வெச்சவங்கள தேடிக் கண்டுபிடின்னு ஒருத்தருக்கு கொடுங்க. பாதி நம்பர் மாறியிருக்கும், பரவால்ல, எத்தனை பேர பிடிக்க முடியலங்கறதையும் சேர்த்து எழுதட்டும். ஸ்வீடன்ல இந்த மாதிரி ஆபரேஷன் ஆனவங்களுக்கு எட்டு வாரத்துலயும் ஒரு வருஷத்துலயும் கேள்வித்தாள் போகுது, எந்த ஆஸ்பத்திரி எப்படி பண்ணுதுன்னு வெளிப்படையா தெரியுது. எண்ணிக்கை வெளிய வந்தா கேஸ் போடுவாங்கன்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பிரிட்டன்லயும் ஆஸ்திரேலியாவுலயும் பெண்கள் கோர்ட்டுக்கு போனது ரிசல்ட் நூத்துக்கு நூறு இல்லங்கறதால இல்ல, முன்னாடி சொல்லல, பின்னாடி நம்பல, அதனாலதான். டேப்பால பிரச்சினைன்னு சந்தேகம் வந்தா காசியாபாத்ல இருந்து நடக்கற மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு (மருத்துவக் கருவிகளால வர்ற பாதிப்ப பதிவு பண்றது) தெரிவிக்க முடியும், 2015ல இருந்து இருக்கு. உங்க டிபார்ட்மெண்ட்ல இருந்து கசிவு டேப்புக்காக ஒரு ஃபார்மாவது போயிருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி நடக்க வேண்டியதும் இதோட ஒட்டினதுதான். பிரிட்டன்ல எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு சொல்ற நைஸ் அமைப்போட வழிகாட்டி குறைஞ்சது மூணு மாசம் மேற்பார்வைல பயிற்சி, ஒரு நாளைக்கு மூணு தடவை, தடவைக்கு குறைஞ்சது எட்டு சுருக்கம், அத முதல்ல செய்யச் சொல்லுது. நீங்க ஒரு ஜெராக்ஸ் பேப்பர்ல கீகல்னு (இந்த இடுப்புத்தள பயிற்சியோட பேர்) எழுதி கொடுத்து அனுப்பறது பயிற்சி கிடையாது, அந்த பேப்பரோட வர்றவங்கள்ல நிறைய பேர் சுருக்கறதுக்கு பதிலா முக்கறாங்க, அது கசிவ இன்னும் மோசமாக்கும். விரல் வெச்சு பாத்து, எந்த தசைன்னு உணர வெச்சு, வாராவாரம் திருத்தணும். அதுக்காக பயிற்சியே எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு நான் சொல்ல மாட்டேன், நெதர்லாந்துல 460 பெண்கள வெச்சு 2013ல வந்த ஆய்வுல ஒரு வருஷத்துல முன்னேற்றம்னு சொன்னவங்க ஆபரேஷன் பிரிவுல 90.8 சதவீதம், பயிற்சி பிரிவுல 64.4தான், அந்த பிரிவுல பாதி பேர் நடுவுல ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க. என் தொழிலுக்கு சாதகமில்லாத அந்த கணக்க என்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும் நான் சொல்றேன். உங்க தொழிலுக்கு சாதகமில்லாத கணக்கையும் நீங்க அதே மாதிரி சொல்லணும்னுதான் கேக்கறேன்.

வலியோட திரும்பி வர்றவங்கள எங்க அனுப்பறதுன்னு இன்னிக்கு எனக்கு வழி இல்ல. டேப்ப எடுக்கறது வெக்கறத விட பல மடங்கு கஷ்டமான வேலை, எடுத்தாலும் வலி போகும்னு உத்தரவாதம் இல்ல, கசிவு திரும்பவும் வரலாம், அதுக்குன்னு அனுபவம் உள்ள கை வேணும். சென்னைல ஒண்ணு, மதுரைல ஒண்ணு, கோயமுத்தூர்ல ஒண்ணு, யூராலஜி, மகப்பேறு, வலி சிகிச்சை, பிசியோதெரபி நாலு பேரும் மாசத்துல ஒரு நாள் ஒண்ணா உக்கார்ற ஒரு கிளினிக் இருந்தா போதும், நான் அந்த டிஸ்க் பெல்ட் போட்ட அம்மா மாதிரி இருக்கறவங்கள பஸ் ஏத்தி அனுப்பிடுவேன். இத அரசு மருத்துவக் கல்லூரிலயே ஆரம்பிக்கலாம், புது கட்டடம் எதுவும் வேண்டாம்.

உங்க அடுத்த மாநில மாநாட்டுல இதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. போன்ல கேக்கற கேள்விகள நம்ம அம்மாக்களுக்கு புரியற தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன், திருநெல்வேலிப் பக்கம் ஒரு மாதிரி, கொங்கு பக்கம் ஒரு மாதிரி சொல்ற வார்த்தைகளையும் சேர்த்திருக்கேன், யார் கேட்டாலும் தர்றேன். முதல் நூறு பேருக்கு போன் பண்ண ஆள் இல்லன்னா நானும் என்கூட வேலை பாக்கறவங்களும் சம்பளம் வாங்காம பண்றோம், பழைய ரிஜிஸ்டர்ல இருக்கற நம்பர்கள நோயாளிகளோட சம்மதத்த முறையா வாங்கி கொடுங்க.

இப்படிக்கு,
உங்க நோயாளிகளுக்கு பயிற்சி சொல்லித் தர்ற ஒரு பிசியோதெரபிஸ்ட்